வீட்டு அடுப்பில் கம்பளி நூலுக்குச் சாயம்: கேசரி பவுடர் முதல் இட்லிப் பானை வரை

கேசரி கிளறும்போது கலர் பொடி விரலில் பட்டுவிட்டால், சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகத்தோரம் இரண்டு நாளைக்கு ஆரஞ்சாகவே இருக்கும், கவனித்திருப்பீர்கள். பாத்திரத்தில் பட்டது ஒரு கழுவலில் போய்விடும், பருத்தித் துணியில் தெறித்ததும் சலவையில் பெரும்பாலும் போய்விடும், நகத்தில் மட்டும் நிற்கும். நகம் என்பது கெரட்டின் என்ற புரதம். செம்மறி ஆட்டின் கம்பளியும் அதே கெரட்டின்தான். அதனால் உணவுக்குப் போடும் அந்தக் கலரை வைத்தே ஸ்வெட்டர் பின்னும் நூலுக்கு நன்றாக, துவைத்தாலும் போகாத மாதிரி சாயம் போடலாம்.

தேவைப்படுவது அசல் கம்பளி, கொஞ்சம் புளிப்பு, சூடு. புளிப்பான தண்ணீரில் கம்பளியின் புரதத்தில் நேர் மின்சுமை கூடுகிறது, உணவுச் சாயத்தின் மூலக்கூறில் எதிர் மின்சுமை இருக்கிறது, இரண்டும் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. சூடு பட்டால் இழை கொஞ்சம் விரிந்து சாயத்தை உள்ளே விடும். அவ்வளவுதான் விஷயம். இது புரிந்துவிட்டால் கீழே நான் சொல்லும் அளவுகளை நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

சேலத்தில் சாயம் என்று பேச்செடுத்தால் ஆளுக்கொரு யோசனை வரும், அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை பக்கமெல்லாம் தறியும் சாயமும் தெரிந்தவர்கள் நிறைய. எங்கள் தெருவில் பட்டறையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், வினிகர் வாடை அடிக்கிறதே என்று எட்டிப் பார்த்து, "உப்பும் சோடாவும் போடாம சாயம் எப்படிக் கண்ணு புடிக்கும்?" என்று கேட்டார். பருத்திக்கு அவர் சொன்னது சரி. ரியாக்டிவ் சாயத்துக்கு உப்பு வேண்டும், சோடாக் காரம் வேண்டும். கம்பளிக்கு அது நேர்மாறு: காரம் பட்டால் இழை கெடும், ஏறிய சாயமும் இறங்கும். இது கம்பளி, ஆசிட்தான் போட வேண்டும் என்றதும், "அப்போ பட்டுக்குப் போடுற மாதிரின்னு சொல்லு" என்றார். அதேதான். யாராவது உப்புப் போடு, சோடா போடு என்றால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நூல் சரியா என்று பாருங்கள்

பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். கடையில் "உல்லன் நூல்" என்று கேட்டால் கிடைப்பது அநேகமாக அக்ரிலிக். கலர் கலராக அடுக்கியிருக்கும், விலை குறைவு, பின்னுவதற்கும் நன்றாகவே இருக்கும், ஆனால் அது பிளாஸ்டிக் இழை. நாள் முழுக்க வினிகரில் கொதிக்க வைத்தாலும் உணவுக் கலர் அதில் ஒட்டாது. பருத்தி நூலிலும் ஒட்டாது. கம்பளி, பட்டு, நைலான், இந்த மூன்றில்தான் ஒட்டும். சாக்ஸ் பின்னும் நூலில் கம்பளியோடு கால் பங்கு நைலான் கலந்திருக்கும், அது பரவாயில்லை, இரண்டுமே சாயம் பிடிக்கும்.

உள்ளூரிலேயே ஆடு இருக்கிறதே, கம்பளி கிடைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. மேச்சேரி ஆடு நம் மாவட்டத்து ஆடுதான், பொட்டனேரியில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் அது கறிக்கும் தோலுக்கும் பேர் போனது, உடம்பில் குட்டை முடிதான், கம்பளி கிடையாது. தமிழ்நாட்டில் மெல்லிய கம்பளி தருவது நீலகிரி ஆடு, அதுவும் எண்ணிக்கையில் குறைந்துபோன இனம். ஆகவே நாம் ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கிறது: லேபிளில் 100 சதவீதம் கம்பளி அல்லது மெரினோ என்று இருக்க வேண்டும், சாயம் போடாத வெள்ளை அல்லது க்ரீம் நிறம் கேளுங்கள். சூப்பர்வாஷ் என்று போட்டிருந்தால் மிஷினில் துவைத்தாலும் சுருங்காத மாதிரி பதப்படுத்தியது என்று அர்த்தம். அது சாயத்தை வேகமாகக் குடிக்கும், நிறம் பளிச்சென்று வரும். முதல் முறை செய்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன், கைத்தவறினாலும் நூல் திரண்டுபோகாது.

இன்னொரு வழி, பழைய ஸ்வெட்டர். ஏற்காட்டுக் குளிருக்கு என்று எப்போதோ வாங்கி அலமாரியில் தூங்கும் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் ஸ்வெட்டர் இருந்தால் லேபிளைப் பாருங்கள். அசல் கம்பளி என்றால் பிரித்துச் சிட்டமாக, அதாவது தளர்வான பெரிய வளையமாகச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டுத் தொங்கவிட்டால் சுருள் நீங்கிப் புதுநூல் மாதிரி ஆகிவிடும். சாம்பல் நிறத்தின் மேல் போடும் சாயம் கொஞ்சம் அடங்கி, அழகாகவே வரும்.

லேபிள் இல்லையென்றால் எரித்துப் பாருங்கள். விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, வாஷ்பேசின் மேல் வைத்து, தீக்குச்சியைக் காட்டுங்கள். கம்பளி பொசுங்கும், தீக்குச்சியை எடுத்ததும் தானே அணையும், முடி கருகின வாடை வரும், மிச்சமுள்ள கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியபின் நுனியில் கெட்டியான கறுப்பு மணி ஒன்று இருக்கும், அதை நசுக்க முடியாது. அரை நிமிட வேலை, தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

எந்தக் கலர் வாங்குவது

செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைகளிலும் கேக் சாமான் விற்கும் கடைகளிலும் பொடி, திரவம், ஜெல் என்று எல்லா வகையும் கிடைக்கும். பொடிதான் மலிவு. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள், அங்கேதான் உண்மையான விவரம் இருக்கிறது. இந்தியாவில் உணவுக்கு அனுமதித்த செயற்கைச் சாயங்கள் எட்டே எட்டு, எந்த பிராண்டின் எந்த நிறமும் அவற்றிலிருந்துதான் வருகிறது. எலுமிச்சை மஞ்சள் என்பது டார்ட்ரசின், எண் 102. கேசரி பவுடரில் பெரும்பாலும் சன்செட் எல்லோ, எண் 110. சிவப்பில் கார்மோசின் 122, போன்சோ 124, எரித்ரோசின் 127 என்று மூன்று உண்டு. நீலம் பிரில்லியன்ட் ப்ளூ 133, அல்லது இண்டிகோ கார்மைன் 132. எட்டாவது, ஃபாஸ்ட் கிரீன் 143. கடையில் விற்கும் பச்சை பல சமயம் 102-ம் 133-ம் கலந்ததுதான்.

இந்த எண்கள் எதற்கு என்றால், ஒவ்வொன்றும் நூலில் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். 122-ம் 124-ம் வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். 133 நிதானமாகத்தான் ஏறும், அதற்குப் புளிப்பும் சூடும் கூடுதலாக வேண்டும். 127 புளிப்பில் கரையாமல் திரிந்து, பொடிப்பொடியாக நிற்கும். அதனால் சிவப்பு வாங்கும்போது 122 அல்லது 124 இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் தலைவலி இல்லை. "லேக்" கலர் என்றோ, எண்ணெயில் கரையும் கலர், சாக்லேட்டில் கலக்கும் கலர் என்றோ இருந்தால் வாங்காதீர்கள், அது தண்ணீரில் கரையாது.

அமெரிக்காவில் இதே வேலைக்கு கூல்-எய்ட் என்ற பானப் பொடியைப் போடுவார்கள், சர்க்கரை சேர்க்காத பொட்டலத்தில் சாயமும் சிட்ரிக் ஆசிடும் சேர்ந்தே இருப்பதால் தனியாகப் புளிப்பு வேண்டியதில்லை. இங்கே கிடைக்கும் சர்க்கரை கலந்த பானப் பொடிகளை வைத்து அதைச் செய்ய முயல வேண்டாம், நூல் பிசுபிசுக்கும், எறும்பு வரும். பீட்ரூட் சாறும் வேண்டாம், பார்க்க அற்புதமாக இருக்கும், நிற்காது. மஞ்சள்தூள் கம்பளியில் நன்றாக ஏறும், ஆனால் வெயிலில் வெளுத்துவிடும்.

பாத்திரமும் புளிப்பும்

எவர்சில்வர் பாத்திரம்தான் சரி. அலுமினியம், இரும்பு, பித்தளை, செம்பு எதுவும் வேண்டாம், புளிப்போடு சேர்ந்து நிறத்தை மாற்றும், பாத்திரமும் கெடும். இரும்பாலை இருக்கிற ஊரில் எவர்சில்வர் குண்டானுக்குப் பஞ்சமா என்ன. 100 கிராம் நூலுக்கு ஐந்து லிட்டர் பிடிக்கும் பாத்திரம் தாராளம். உணவுக் கலர் என்பதால் சமையல் பாத்திரத்தையே கழுவிப் பயன்படுத்தலாம், மற்றச் சாயங்களில் இந்த வசதி கிடையாது. குழந்தைகளை வைத்துக்கொண்டு செய்வதற்கும் இதுதான் தைரியம். ஆனால் அடுப்பும் கொதிநீரும் பெரியவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

புளிப்புக்கு வெள்ளை வினிகர் அல்லது சிட்ரிக் ஆசிட். பின்னதை எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் தருவார்கள். எனக்குச் சிட்ரிக் ஆசிட்தான் பிடிக்கும், வாடை இல்லை, மலிவு, கொஞ்சம் போட்டாலே போதும். 100 கிராம் நூலுக்கு, மூன்று நான்கு லிட்டர் தண்ணீரில், குழாயில் வரும் மேட்டூர் தண்ணீர் என்றால் ஒரு டீஸ்பூன். போர்வெல் தண்ணீர் என்றால் இரண்டு டீஸ்பூன், ஏனென்றால் நம் பக்கத்து நிலத்தடித் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, அதிலுள்ள பைகார்பனேட்டே நீங்கள் போடும் புளிப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கெட்டிலில் வெள்ளையாகப் படியும் வீடு என்றால் தயங்காமல் இரட்டிப்பாகப் போடுங்கள். வினிகர் என்றால் 100 மில்லியில் தொடங்கி, போர்வெல் தண்ணீருக்கு 150, 200 வரை போகலாம். புளிப்பை அளக்கும் பிஎச் தாள் வைத்திருப்பவர்கள் 4 பக்கத்தில் நிறுத்தினால் சரி.

இனி வேலை

நூல் பந்தாக இருந்தால் அப்படியே போடக்கூடாது, உள்ளே சாயம் போகாது. நாற்காலியின் முதுகைச் சுற்றிச் சுற்றிச் சிட்டமாக்குங்கள். நான்கு இடத்தில் வெள்ளைப் பருத்தி நூலால் கட்டுங்கள், இறுக்கிக் கட்டினால் அந்த இடம் வெள்ளையாகவே நின்றுவிடும், அதனால் எட்டு வடிவத்தில் தளர்வாக. இந்தப் பருத்தி நூலை ஏன் சொல்கிறேன் என்றால், வேலை முடிந்தபின் அதைப் பார்க்க வேண்டும்: சுற்றிலும் கம்பளி ரத்தச் சிவப்பாக இருக்க, நடுவில் அதே தண்ணீரில் அதே நேரம் வெந்த பருத்தி, லேசாக அழுக்குப் பட்ட மாதிரி ஏறக்குறைய வெள்ளையாகவே கிடக்கும். இது எந்த இழையின் சாயம் என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது.

அப்புறம் ஊறவைத்தல். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு நூலை அமுக்கி வையுங்கள், குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க. கம்பளி தண்ணீரைச் சட்டென்று ஏற்காது, மேலே மிதந்துகொண்டே இருக்கும். காய்ந்த இடம் மிச்சமிருந்தால் அங்கே சாயம் திட்டுத்திட்டாக ஏறும். ஊறியபின் லேசாக அலசிக்கொள்ளுங்கள்.

ஊறும் நேரத்தில் சாயத்தைக் கரையுங்கள். 5 கிராம் பொடியை முதலில் ஒரு ஸ்பூன் சுடுதண்ணீரில் குழைத்து, கட்டி இல்லாமல் ஆனபின் 500 மில்லிக்கு நிரப்பி ஒரு பாட்டிலில் வையுங்கள். இது ஒரு சதவீதக் கரைசல். இனிமேல் டீஸ்பூன் கணக்கு வேண்டாம், மில்லியில் அளந்துகொள்ளலாம், பிடித்த நிறம் வந்தால் அதே அளவைக் குறித்து வைத்து மறுபடியும் கொண்டுவரலாம். 100 கிராம் நூலுக்கு 30 மில்லி விட்டால் வெளிர் நிறம், 100 மில்லி நடுத்தரம், 200-க்கு மேல் அடர்த்தி. ஆனால் பொடி டப்பாவில் சாயத்தோடு சாதா உப்பும் மற்றதும் கலந்திருக்கும், எவ்வளவு என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும், அதனால் முதலில் ஒரு முழம் நூலில் போட்டுப் பாருங்கள். ஜெல் என்றால் அரை டீஸ்பூனில் தொடங்கலாம்.

ஒரே நிறமாக, திட்டு இல்லாமல் வேண்டுமென்றால் வரிசை முக்கியம். பாத்திரத்தில் தண்ணீர் நிறைய எடுத்துச் சாயத்தைக் கலந்து, அதில் ஊறிய நூலைப் போட்டு, சிறு தீயில் மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். கை பொறுக்காத சூடு வந்தபின், நூலைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, தண்ணீரில் கரைத்த சிட்ரிக் ஆசிடில் பாதியை ஊற்றிக் கலக்கி, நூலை மறுபடி பரப்புங்கள். பத்து நிமிடம் கழித்து மீதிப் பாதி. புளிப்பை முதலிலேயே போட்டால் சாயம் பட்ட இடத்தில் பட்டென்று ஒட்டிக்கொள்ளும். மேகம் மாதிரி ஏற்ற இறக்கமான நிறம் வேண்டுபவர்கள் அதைத்தான் வேண்டுமென்றே செய்வார்கள், குறைந்த தண்ணீரில் புளிப்பு முதலில், சாயம் பிறகு.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கக்கூடாது. ஓரத்தில் சிறு குமிழி, மேலே ஆவி, 80 முதல் 90 டிகிரி, அந்த நிலையில் அரை மணி நேரம். நூலைக் கிளறாதீர்கள், எப்போதாவது ஒருமுறை கரண்டியால் மெதுவாக அமுக்கிவிட்டால் போதும். சூட்டில் இருக்கும் கம்பளியைக் கலக்கினாலோ, சூட்டிலிருந்து எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டாலோ இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு திரண்டு, கட்டித் துணி மாதிரி ஆகிவிடும். அதைப் பிரிக்க வழி இல்லை.

தண்ணீர் தெளிய வேண்டும்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இருபது நிமிடம் ஆனதும் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பாத்திரத்துத் தண்ணீரைக் கரண்டியால் எடுத்துப் பாருங்கள். முதலில் நல்ல கலராக இருக்கும். பத்து நிமிடம் கழித்து எடுத்தால் வெளிறியிருக்கும். இன்னும் கொஞ்சம் பொறுத்து எடுத்தால் வெறும் தண்ணீர், கிண்ணத்தின் அடி தெரியும், கலர் முழுக்க நூலுக்குள் போயிருக்கும். அந்தத் தெளிவு வந்ததும் அடுப்பை அணைக்கலாம்.

தெளியவில்லை என்றால் அவசரப்பட்டு எடுத்து அலசாதீர்கள். இன்னும் அரை டீஸ்பூன் புளிப்பைப் போட்டு, இன்னும் கால் மணி நேரம் சூட்டில் வையுங்கள். நீலமும் பச்சையும் கடைசி வரை இழுக்கும், பொறுமையாக இருங்கள். அப்படியும் கலர் நின்றால் நூலின் கொள்ளளவுக்கு மேல் சாயம் விட்டிருக்கிறீர்கள் என்று பொருள், அதில் இன்னொரு சின்னச் சிட்டத்தைப் போட்டுவிடுங்கள், அழகான வெளிர் ஜோடி கிடைக்கும். கலர் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட எனக்கு மனசு வராது. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்துக்குள் வந்து சாயக்கழிவு கலந்து என்ன நிறத்தில் ஓடியிருக்கிறது என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் போடுவது உண்ணக்கூடிய கலர், அளவும் கையளவு, இருந்தாலும் தெளிந்த தண்ணீரைக் கொட்டுவதுதான் ஒழுங்கான சாயவேலை.

அணைத்தபின் நூலை அந்தத் தண்ணீரிலேயே ஆறவிடுங்கள். கடைசி மிச்சம் இருக்கும் கலரும் ஆறும் நேரத்தில் ஏறிவிடும், நூலும் திரளாது. முழுக்க ஆறியபின் அதே சூட்டிலுள்ள தண்ணீரில் அலசி, பிழியாமல், துண்டில் சுருட்டி மிதித்து ஈரம் எடுத்து, நிழலில் கொடியில் போடுங்கள்.

ஊதாவும் கறுப்பும் பிரிந்துபோகும்

ஊதா ஜெல்லையோ கறுப்பையோ போட்டவர்கள் கொஞ்ச நேரத்தில் திகைப்பார்கள்: நூல் ஒரு பக்கம் இளஞ்சிவப்பு, ஒரு பக்கம் நீலம், தண்ணீரோ வேறு நிறம். கெட்டுப்போகவில்லை. அது ஒரே சாயம் கிடையாது, சிவப்பும் நீலமும், சில சமயம் மஞ்சளும் கலந்தது. புளிப்பு இருந்தால் சிவப்பு முந்திக்கொண்டு பட்ட இடத்தில் ஒட்டும், நீலம் நிதானமாகச் சுற்றிவந்து மிச்ச இடத்தில் உட்காரும். ஒரே சீரான ஊதா வேண்டுமென்றால் தண்ணீர் அதிகம், புளிப்பு கடைசியில், சூடு மிக மெதுவாக. பிரிய வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம்: குறைந்த தண்ணீர், முதலிலேயே நிறையப் புளிப்பு. ஒரே டப்பாவிலிருந்து மூன்று நிறம் வரும் இந்தப் பிரிவை நான் வேண்டுமென்றே தேடிச் செய்கிறேன், கையால் வரைந்து அப்படிக் கொண்டுவர முடியாது.

நிறம் கலப்பதில் ஒரு யோசனை. டப்பாவிலிருந்து நேராக எடுத்த கலர் மிட்டாய்க் கலராகத்தான் இருக்கும். அதை அடக்க, எதிர் நிறத்தில் ஒரு துளி விடுங்கள்: சிவப்பில் கொஞ்சம் பச்சை, ஆரஞ்சில் கொஞ்சம் நீலம். மஞ்சளில் கேசரி பவுடர் கரைசலைப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் பழுத்த மாம்பழத் தோலின் நிறம். கார்மோசினில் கொஞ்சம் கேசரி சேர்த்தால் ஏற்காட்டுத் தோட்டங்களில் பறிக்கும் பக்குவத்தில் இருக்கும் காப்பிப் பழத்தின் சிவப்பு வரும். கேசரி பவுடரில் நீலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டே போனால் செங்கல், பழுப்பு, காப்பிக்கொட்டை என்று இறங்கும்.

பல நிறம் தீட்டுவது: இட்லிப் பானை

ஒரு சிட்டத்திலேயே நான்கைந்து நிறம் வேண்டுமென்றால் பாத்திரத்தில் முக்கக்கூடாது, ஆவியில் வேகவைக்க வேண்டும். நூலைச் சிட்ரிக் ஆசிட் தண்ணீரிலேயே அரை மணி ஊறவைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஒரு எவர்சில்வர் தட்டில் வளையமாகப் பரப்புங்கள். சாயத்தை ஸ்பூனாலோ ஊசி இல்லாத சிரிஞ்சாலோ கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கையுறை போட்ட விரலால் அமுக்கி அடிவரை இறக்குங்கள். அடியில் குளமாகத் தேங்கினால் நிறங்கள் கலந்து சேறாகும், அதிகப்படியைப் பழைய துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நடுவில் பழுப்பாகும், இடையில் மஞ்சள் வையுங்கள்.

இட்லிப் பானையில் தண்ணீர் வைத்து, தட்டை மேலே ஏற்றி, இன்னொரு தட்டால் மூடி, அதற்குமேல் பானை மூடி. உள்மூடி எதற்கென்றால் ஆவி வேர்த்து நூலின் மேல் சொட்டினால் வெள்ளைப் புள்ளி விழும். சேலத்தில் முப்பது நிமிடம் ஆவி போதும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். முக்கிச் சாயம் போடும்போதும் மலையில் குமிழியை நம்பாதீர்கள், சூடு ஏறுவதற்குள் குமிழி வந்துவிடும், சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது.

புள்ளிப் புள்ளியாக வேண்டுமென்றால் ஈர நூலின் மேல் உலர்ந்த பொடியை உப்பு டப்பாவிலிருந்து தூவுங்கள், மிக மிகக் கொஞ்சமாக. மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், அந்தத் தூள் பறந்து எங்கே உட்கார்ந்தது என்று மறுநாள் தரை துடைக்கும்போதுதான் தெரியும்.

சித்திரை வெயிலில் அடுப்பே இல்லாமலும் செய்யலாம். கண்ணாடி ஜாடியில் நூல், புளிப்புத் தண்ணீர், சாயம் போட்டு மூடி மொட்டை மாடியில் மூன்று நாள். அலசும்போது கலர் இறங்கினால் இட்லிப் பானையில் ஒருமுறை ஆவி காட்டிவிடுங்கள். மலையில் மேகம் இறங்கும் மாதங்களில் இது நடக்காது, காயப்போட்ட நூலே இரண்டு நாள் ஈரமாக இருக்கும். அங்கே சமையலறைக் கொடிதான் கதி, மடித்து மட்டும் வைக்காதீர்கள், பூஞ்சை வாடை ஏறிவிடும்.

கழுவும்போது

ஒழுங்காக ஏறிய சாயம் அலசலில் இறங்காது. ஆனாலும் உணவுக் கலருக்குத் தொழில்முறை ஆசிட் சாயத்தின் வெயில் தாங்கும் சக்தி கிடையாது, முக்கியமாக இண்டிகோ கார்மைன் சீக்கிரம் வெளுக்கும். குல்லா, சாக்ஸ், மஃப்ளர், ஸ்வெட்டருக்கு நன்றாகவே இருக்கும், ஜன்னலில் தொங்கும் அலங்காரத்துக்கு வேண்டாம். சாதா சலவைப் பொடியும் பார் சோப்பும் காரம், ஒரே துவைப்பில் கலரை இறக்கிவிடும். கம்பளிக்கென்று விற்கும் திரவம் அல்லது ஷாம்பு, பச்சைத் தண்ணீர், கடைசி அலசலில் ஒரு ஸ்பூன் வினிகர்.

பின்னி யாருக்காவது கொடுக்கும்போது இதை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். சாயமேற்றிய நூலில் ஒரு முழம் எடுத்து, எந்த டப்பா, எத்தனை மில்லி, எந்தத் தண்ணீர் என்று எழுதி நோட்டில் ஒட்டி வைப்பதும் அவசியம், பாதி ஸ்வெட்டரில் நூல் தீர்ந்துவிட்டால் அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.